ஃபிகர் ஸ்கேட்டிங்கில் யார் மிகப் பெரியவர்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குளிர்கால ஒலிம்பிக்ஸ் நெருங்கினால் போதும், நண்பர்களிடமிருந்தும் உறவுக்காரர்களிடமிருந்தும் இந்தச் சந்தேகங்கள் வரத் தொடங்கிவிடும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட ஒரே இடத்தில் தொகுத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். எனக்குப் பிடித்தவர்கள் உண்டு. அதை மறைக்கவில்லை, காரணத்தையும் சேர்த்தே சொல்லியிருக்கிறேன்.

எல்லா நாட்டுக்காரங்களையும் சேர்த்து "இவர்தான் நம்பர் ஒன்"னு ஒரே பேரைச் சொல்ல முடியாதா?

முடியாது. முதலில், இது ஒரே போட்டி கிடையாது. ஆண்கள் தனி, பெண்கள் தனி, ஜோடி, ஐஸ் டான்ஸ் என்று நான்கு. ஜோடிப் பிரிவில் ஆண் தன் துணையைத் தலைக்கு மேல் தூக்குவார், பனித்தளத்தின் குறுக்கே வீசுவார், அந்தப் பெண் சுழன்று ஒற்றைக்காலில் இறங்குவார். ஐஸ் டான்ஸில் வீசுவதும் இல்லை, பல சுற்று ஜம்ப்பும் இல்லை. காலடி வேலையும், இசையோடு இருவரும் ஒட்டி நகர்வதும்தான் மதிப்பெண். இந்த நான்கையும் ஒரே தராசில் வைப்பது நியாயமில்லை.

இரண்டாவது, காலம். டான் பிராட்மனையும் சச்சினையும் வைத்து நாம் போடும் சண்டை மாதிரிதான் இதுவும். அதனால் நான் பார்ப்பது இதைத்தான்: தன் காலத்து விதிகளுக்குள் அவர் மற்றவர்களைவிட எவ்வளவு தூரம் முன்னால் போனார், அவருக்குப் பிறகு இந்த விளையாட்டு எந்த அளவுக்கு மாறியது. கீழே உள்ள பதில்கள் எல்லாமே இந்த அளவுகோலை வைத்துத்தான்.

ஆக்சல், லுட்ஸ்னு சொல்றாங்களே, எனக்கு எல்லா ஜம்ப்பும் ஒண்ணாத்தான் தெரியுது. எதை வச்சு அடையாளம் காணுறது?

ஆறு வகை ஜம்ப் இருக்கிறது. ஆக்சலை மட்டும் கண்டுபிடிக்கத் தெரிந்தால் பாதி விவாதம் புரிந்துவிடும். மற்ற ஐந்திலும் ஸ்கேட்டர் பின்னோக்கிச் சறுக்கியபடி எழும்புவார். ஆக்சலில் மட்டும் முன்னோக்கிப் பார்த்து எழும்புவார். இறங்குவது எல்லாவற்றிலும் பின்னோக்கித்தான். அதனால் ஆக்சலில் எப்போதும் அரைச் சுற்று கூடுதல். டிரிபிள் ஆக்சல் என்றால் மூன்றரைச் சுற்று, குவாட் ஆக்சல் என்றால் நாலரை. இதெல்லாம் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் நடந்து முடிகிறது.

சில பெயர்கள் மனிதர்களிடமிருந்து வந்தவை. நார்வேயின் ஆக்செல் பால்சன் 1882-இல் வியன்னாவில் செய்து காட்டியது ஆக்சல். சால்கோ என்ற ஜம்ப் ஸ்வீடனின் உல்ரிக் சால்கோவுடையது. பத்து முறை உலகச் சாம்பியன். லுட்ஸ் ஆஸ்திரியாவின் அலோயிஸ் லுட்ஸ் தந்தது.

அதிக ஒலிம்பிக் தங்கம் வாங்கினவர்தானே பெரியவர்? இதுல என்ன விவாதம்?

தங்கத்தை மட்டும் எண்ணினால் மூன்று பெயர்களில் நின்றுவிடும். ஸ்வீடனின் கில்லிஸ் கிராஃப்ஸ்ட்ரோம் (1920, 1924, 1928), நார்வேயின் சோன்யா ஹெனி (1928, 1932, 1936), சோவியத் யூனியனின் இரினா ரோட்னினா (1972, 1976, 1980). மூவருக்கும் குழுப் போட்டி இல்லாமலேயே தலா மூன்று தங்கம். மொத்தப் பதக்கங்களை எண்ணினால் கனடாவின் டெஸ்ஸா வர்ச்சூவும் ஸ்காட் மோயரும் முந்துவார்கள். 2010 முதல் 2018 வரை மூன்று தங்கம், இரண்டு வெள்ளி. ஆனால் அதில் ஒரு தங்கமும் ஒரு வெள்ளியும் குழுப் போட்டியில் வந்தவை. குழுப் போட்டியே 2014-இல்தான் அறிமுகமானது. ஹெனி காலத்தில் அப்படியொரு வாய்ப்பே கிடையாது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1924 ஷாமனி ஒலிம்பிக்ஸில் பெண்கள் பிரிவில் மொத்தமே எட்டுப் பேர். பதினோரு வயது ஹெனி அதில் எட்டாவது. அடுத்த மூன்று ஒலிம்பிக்ஸிலும் அவரேதான் முதல். அந்த ஏற்றத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். 1927 முதல் 1936 வரை தொடர்ந்து பத்து உலகப் பட்டங்கள். பெண்களில் யாரும் இன்றுவரை தொடவில்லை. ஆனால் விளையாட்டு அன்று சில ஐரோப்பிய நாடுகளுக்கும் வட அமெரிக்காவுக்கும் உள்ளேயே இருந்தது. ஜப்பான், கொரியா, சீனா எல்லாம் முழு பலத்தோடு வந்த பிறகு ஒரு தங்கம் வாங்குவது வேறு விதமான வேலை.

அந்தக் காலத்து 6.0 மார்க்கையும் இப்போ வர்ற 300, 330 மார்க்கையும் எப்படி ஒப்பிடுறது?

ஒப்பிடவே முடியாது. பழைய முறையில் 6.0 என்பது உச்சம். நடுவர்கள் உண்மையில் செய்தது வரிசைப்படுத்துவது மட்டும்தான். 2002 சால்ட் லேக் சிட்டியில் ஜோடிப் பிரிவுத் தங்கத்தை ரஷ்யாவின் பெரெஷ்னயா–சிகருலிட்ஸேவுக்குக் கொடுத்ததும், பிரெஞ்சு நடுவர் ஒருவர் அழுத்தத்துக்கு ஆளானார் என்ற விவகாரம் வெடித்தது. கடைசியில் கனடாவின் சாலே–பெல்ட்டியேவுக்கும் இன்னொரு தங்கம் கொடுத்தார்கள். அந்தச் சூட்டில்தான் 2004-இல் புதிய முறை வந்தது. ஒவ்வொரு ஜம்ப்புக்கும் சுழற்சிக்கும் அடிப்படை மதிப்பு. அதை எவ்வளவு நன்றாகச் செய்தார் என்பதற்குக் கூட்டல் கழித்தல்.

அந்தக் கூட்டல் கழித்தலும் ஒரே மாதிரி இருக்கவில்லை. முதலில் மைனஸ் 3 முதல் பிளஸ் 3 வரை. 2018-19 சீசனிலிருந்து மைனஸ் 5 முதல் பிளஸ் 5 வரை. அப்போது பழைய உலகச் சாதனைகளையெல்லாம் தனிப் பட்டியலுக்கு மாற்றிவிட்டு, சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் புதுக் கணக்கைத் தொடங்கியது. ஆக, 2015-இன் 330-ஐயும் 2019-இன் 335-ஐயும்கூட நேராக வைத்துப் பேசக் கூடாது.

டிக் பட்டன் யாரு? ஆண்கள் பட்டியல்ல எப்பவும் அவர் பேர் ஏன் வருது?

அமெரிக்கர். 1948, 1952 இரண்டிலும் தங்கம். 1948-இல் செயின்ட் மோரிட்ஸில் போட்டியில் முதல் டபுள் ஆக்சல், 1952-இல் ஆஸ்லோவில் முதல் டிரிபிள் ஜம்ப். அதுவும் ஒலிம்பிக்ஸ் மேடையில், தோற்றால் எல்லாம் போய்விடும் என்ற இடத்தில். நான் மேலே சொன்ன அளவுகோலுக்கு அவரைவிடப் பொருத்தமான ஆள் இல்லை. அவருக்குப் பிறகு ஆண்கள் பிரிவில் அடுத்தடுத்து இரண்டு தங்கம் வாங்க இன்னொருவர் வருவதற்கு 66 ஆண்டுகள் ஆயின.

சரி, நேரா கேட்கிறேன். ஹான்யூவா, நேதன் சென்னா?

நேருக்கு நேர் கணக்கு மட்டும் போதும் என்றால் 2018-க்குப் பிறகு பதில் அமெரிக்காவின் நேதன் சென்தான். 2019 சைத்தாமா உலகச் சாம்பியன்ஷிப், அதே ஆண்டு டூரின் கிராண்ட் பிரி ஃபைனல், 2021 உலகச் சாம்பியன்ஷிப், 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்ஸ் எல்லாவற்றிலும் அவர் ஹான்யூவுக்கு மேலே முடித்தார். டூரினில் அவர் எடுத்த 335.30 மலைக்க வைக்கும் எண். 2018 பியோங்சாங் ஒலிம்பிக்ஸில் ஷார்ட் புரோகிராம் என்ற குறுகிய முதல் சுற்றில் 17-ஆவது இடத்துக்குச் சரிந்து, மறுநாள் ஃப்ரீ ஸ்கேட் என்ற நீளமான இரண்டாம் சுற்றில் ஆறு குவாட் (நான்கு சுற்று ஜம்ப்) போட்டு அந்தச் சுற்றில் முதலிடம் பிடித்து, மொத்தத்தில் ஐந்தாவதாக வந்தார். மன உறுதிக்கு அதைவிட வேறு சான்று வேண்டாம்.

ஆனாலும் நான் ஜப்பானின் யுசுரு ஹான்யூ பக்கம்தான். 2015 நவம்பரில் நாகானோவில் அவர் 322.40 எடுத்தபோது, அதற்கு முந்தைய சாதனை கனடாவின் பாட்ரிக் சானின் 295.27. ஒரே இரவில் 27 புள்ளிகள். இரண்டே வாரத்தில் பார்சிலோனாவில் 330.43. 2017 நவம்பரில் பயிற்சியில் லுட்ஸ் ஜம்ப்பில் விழுந்து வலது கணுக்கால் போனது. அதன் பிறகு ஒரு போட்டிகூட ஆடாமல் நேராகப் பியோங்சாங்குக்கு வந்து தங்கம் வாங்கினார். பட்டனுக்குப் பிறகு அடுத்தடுத்து இரண்டு தங்கம் வாங்கிய இன்னொருவர் என்று சொன்னேனே, அவர் இவர்தான்.

புள்ளிக்கு அப்பாலும் ஒன்று இருக்கிறது. ஹான்யூவின் டிரிபிள் ஆக்சலைப் பாருங்கள். பொதுவாக ஸ்கேட்டர்கள் கடினமான ஜம்ப்புக்கு முன் நீளமாகச் சறுக்கி ஆயத்தம் செய்வார்கள். இவர் உடலைத் திருப்பித் திருப்பிச் சிக்கலான காலடி வைத்துக்கொண்டே வந்து, அதே வேகத்தில் காற்றில் ஏறி, இறங்கிய காலிலேயே அடுத்த திருப்பத்துக்குப் போய்விடுவார். எங்கே ஆயத்தம் முடிந்தது, எங்கே ஜம்ப் தொடங்கியது என்று கோடு போட முடியாது. நேதன் சென் குவாட்களின் எண்ணிக்கையை உயர்த்தினார். ஹான்யூ ஒரு ஜம்ப் எப்படி இருக்க வேண்டும் என்பதையே உயர்த்தினார்.

அவர் கடைசி ஒலிம்பிக்ஸ்ல நாலாவதுதானே வந்தார்? அது பெரிய சறுக்கல் இல்லையா?

ஷார்ட் புரோகிராமில் பனியில் இருந்த ஒரு குழியில் பிளேடு மாட்டி, முதல் குவாட் ஒற்றைச் சுற்றாகிப் போனது, எட்டாவது இடம். பதக்கத்துக்காகப் பாதுகாப்பாக ஆடியிருக்கலாம். அவரோ ஃப்ரீ ஸ்கேட்டில் அதுவரை யாரும் போட்டியில் செய்திராத குவாட் ஆக்சலை முயன்றார். விழுந்தார், சுற்றும் முழுமையடையவில்லை. ஆனால் குவாட் ஆக்சலாக அது பதிவானது. ஏழு மாதம் கழித்து லேக் பிளாசிடில் அமெரிக்காவின் இலியா மாலினின் அதைச் சுத்தமாக இறக்கினார். நான் இதைச் சறுக்கல் கணக்கில் சேர்ப்பதில்லை.

பெண்கள்ல கிம் யுனாதான் பெஸ்ட்னு சொல்றாங்க. அப்போ சோச்சியில அவருக்கு அநியாயம் நடந்துச்சா?

முதல் பாதிக்கு என் பதில்: ஆம், முழுமையான ஸ்கேட்டர் என்றால் கிம் யுனாதான். தென் கொரியாவுக்கு அதற்கு முன் ஃபிகர் ஸ்கேட்டிங்கில் ஒரு ஒலிம்பிக் பதக்கம்கூட இல்லை. பின்னால் ஒரு பெரிய பயிற்சி அமைப்பும் இல்லை. 2010 வான்கூவரில் 228.56 புள்ளி, இரண்டாவது வந்த ஜப்பானின் மாவோ அசாடாவைவிட 23 அதிகம். மாவோ அந்தப் போட்டியில் மூன்று டிரிபிள் ஆக்சல் இறக்கியிருந்தார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். கிம் சர்வதேசப் போட்டிகளில் ஒரு முறைகூடப் பதக்க மேடையைவிட்டுக் கீழே இருந்ததில்லை.

சோச்சி 2014 சிக்கலானது. ஷார்ட் புரோகிராம் முடிந்தபோது கிம் 74.92, ரஷ்யாவின் அடேலினா சோட்னிகோவா 74.64. கடைசியில் சோட்னிகோவா 224.59, கிம் 219.11. சோட்னிகோவா ஏழு டிரிபிள் வைத்திருந்தார், கிம் ஆறு. அந்தக் கூடுதல் ஜம்ப்பை மறுக்க முடியாது. ஆனால் ஒரு நடுவர் 1998 நாகானோ ஒலிம்பிக்ஸில் முடிவை முன்கூட்டியே பேசிய விவகாரத்தில் ஓராண்டு தடை பெற்றவர். இன்னொருவர் ரஷ்ய ஸ்கேட்டிங் கூட்டமைப்பின் உயர் நிர்வாகியின் மனைவி. எந்த நடுவர் எத்தனை கொடுத்தார் என்பது அன்றைய விதிப்படி மறைக்கப்பட்டிருந்தது. கொரியா கொடுத்த புகார் தள்ளுபடியானது. ஜம்ப் எண்ணிக்கை சோட்னிகோவா பக்கம். சறுக்கலின் தரத்துக்கும் இசைக்கும் இருவருக்கும் கிட்டத்தட்ட ஒரே மதிப்பெண் கொடுத்ததை என்னால் ஏற்க முடியவில்லை. அன்றைய ஆட்டத்தைப் பொறுத்தவரை கிம்தான் முதல் என்பது என் கருத்து.

மிடோரி இட்டோ பேரை நீங்க அடிக்கடி சொல்றீங்க. ஒலிம்பிக் தங்கமே இல்லாதவர் எப்படிப் பெரியவர் ஆவார்?

இதற்குக் கொஞ்சம் பழைய கதை வேண்டும். 1990 வரை போட்டியில் கட்டாய உருவங்கள் என்று ஒரு சுற்று இருந்தது. இசை கிடையாது, வேகம் கிடையாது. ஸ்கேட்டர் ஒற்றைக்காலில் நின்று பனியில் எட்டு மாதிரி வட்டங்கள் வரைவார். அதே கோட்டின் மேலேயே திரும்பத் திரும்பப் போக வேண்டும். அவர் நகர்ந்ததும் நடுவர்கள் பனியில் இறங்கி, குனிந்து, கோடு விலகியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். 1972 சப்போரோவில் ஆஸ்திரியாவின் பியாட்ரிக்ஸ் ஷூபா ஃப்ரீ ஸ்கேட்டில் ஏழாவது வந்தும் தங்கம் வாங்கினார். கட்டாய உருவங்களில் அவருக்கு அவ்வளவு முன்னிலை. தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அதன் பிறகுதான் ஷார்ட் புரோகிராம் வந்தது, உருவங்களின் எடை படிப்படியாகக் குறைந்தது.

1988 கால்கரியிலும் அந்தச் சுற்றுக்கு முப்பது சதவீதம் இருந்தது. ஜப்பானின் இட்டோ அதில் பத்தாவது. ஃப்ரீ ஸ்கேட்டில் ஏழு டிரிபிள். உயரமே இல்லாத அந்தப் பெண் தடுப்புச் சுவரைத் தாண்டிவிடுவார் போல எழும்பினார். மொத்தத்தில் ஐந்தாவது. தங்கம் கிழக்கு ஜெர்மனியின் கட்டரினா விட்டுக்கு, இரண்டாவது முறையாக. அடுத்த ஆண்டு பாரிஸில் இட்டோ உலகச் சாம்பியன். ஆசியாவிலிருந்து முதல் ஆள். உலகச் சாம்பியன்ஷிப்பில் டிரிபிள் ஆக்சல் இறக்கிய முதல் பெண்ணும் அவர். 1991 மியூனிக்கில் ஒரு ஜம்ப்பில் வழி தவறி, கேமராவுக்காகச் சுவரில் விட்டிருந்த இடைவெளி வழியாக வெளியே போய் விழுந்தார். உடனே எழுந்து பனிக்குத் திரும்பி, புரோகிராமைத் தொடர்ந்து முடித்தார். 1992 ஆல்பர்வில்லில் முதல் டிரிபிள் ஆக்சலில் விழுந்தார். அதே புரோகிராமின் பிற்பகுதியில், கால் களைத்த பிறகு, மறுபடியும் முயன்று இறக்கினார். வெள்ளி.

விட்டை நான் மதிக்கிறேன். நான்கு உலகப் பட்டங்கள், இரண்டு தங்கம், போட்டி நாளில் அவரை அசைக்க முடியாது. ஆனால் இன்று டிரிபிள் ஆக்சல் பயிலும் ஒவ்வொரு சிறுமியும் இட்டோ திறந்த வழியில் போகிறாள்.

மிஷெல் குவானுக்கும் தங்கம் இல்லையே, அவரை எங்கே வைப்பீங்க?

கிம்முக்கு அடுத்து. அமெரிக்கர். ஐந்து உலகப் பட்டங்கள் (1996, 1998, 2000, 2001, 2003). 1998-இல் பதினைந்து வயது டாரா லிபின்ஸ்கி, 2002-இல் சாரா ஹியூஸ். இரண்டு முறையும் சொந்த நாட்டுப் பெண்களே அவரை முந்தினார்கள். நான்கு நிமிட ஆட்டம், நான்கு ஆண்டுக்கு ஒரு முறை. அதை வைத்து மட்டும் பத்தாண்டு உழைப்பை அளப்பது எவ்வளவு தவறு என்பதற்கு நான் முதலில் சொல்லும் உதாரணம் குவான்தான்.

சூர்யா போனாலி நம்ம இந்தியப் பொண்ணா?

இல்லை. பிரான்ஸின் நீஸ் நகரில் பிறந்தவர். தத்தெடுத்த பெற்றோர் வைத்த பெயர். ஐந்து முறை ஐரோப்பியச் சாம்பியன், மூன்று முறை உலக வெள்ளி. 1998 நாகானோவில், தடை என்று தெரிந்தே பின்புறமாகக் குட்டிக்கரணம் அடித்து ஒற்றைக்காலில் இறங்கினார். அந்தத் தடை 2024-இல் நீக்கப்பட்டது. பட்டம் குறைவுதான், ஆனால் அந்த ஒரு இறக்கத்தைப் பார்த்தவர்கள் மறக்கவில்லை.

ஜோடிப் பிரிவுன்னா ரஷ்யாதானே? அதுல விவாதிக்க என்ன இருக்கு?

1964 முதல் 2006 வரை பன்னிரண்டு ஒலிம்பிக்ஸிலும் தங்கம் சோவியத் அல்லது ரஷ்ய ஜோடிகளுக்கு (2002-இல் பகிர்ந்தது, மேலே சொல்லிவிட்டேன்). அதில் ரோட்னினா தனி. முதல் தங்கம் உலானோவுடன், அடுத்த இரண்டு சைட்செவுடன். துணை மாறியும் வெற்றி மாறவில்லை. 1973 பிராட்டிஸ்லாவாவில் நடுவே இசை நின்றுபோனது. இருவரும் நிறுத்தவில்லை, பிளேடு உரசும் சத்தமும் கைத்தட்டலும் மட்டுமே கேட்க, ஆடி முடித்து வென்றார்கள். மூன்றாவது தங்கம், குழந்தை பெற்ற மறு ஆண்டு.

ஆனால் அழகுக்கு என் மனம் கோர்டீவா–கிரின்கோவ் ஜோடிக்குத்தான் போகும். 1988, 1994 இரண்டிலும் தங்கம். 1995 நவம்பரில் லேக் பிளாசிடில் பயிற்சியின்போதே கிரின்கோவ் மாரடைப்பில் இறந்தார், வயது 28.

அந்தப் பன்னிரண்டு வரிசையை உடைத்தது சீனா. யாவ் பின் 1980 உலகச் சாம்பியன்ஷிப்பில் கடைசி இடம் பிடித்தவர். அவர் பயிற்றுவித்த ஷென் ஷுவே–சாவ் ஹாங்போ 2010-இல் தங்கம் வென்றார்கள். இந்த விளையாட்டில் பயிற்சியாளரையும் பெரியவர்கள் பட்டியலில் சேர்க்கலாம் என்றால் நான் யாவ் பின்னைச் சேர்ப்பேன்.

டார்வில்–டீன் எல்லா நடுவர்கிட்டயும் 6.0 வாங்கினாங்களே, அப்போ ஐஸ் டான்ஸ்ல அவங்கதானே?

1984 சராயேவோ, பிரிட்டன் ஜோடி, ராவெலின் பொலேரோ. கலைக்கு ஒன்பது நடுவர்களும் 6.0. இசையை விதி அனுமதித்த நேரத்துக்குள் சுருக்க முடியவில்லை. பிளேடு பனியில் பட்டுச் சறுக்கத் தொடங்கும்போதுதான் கடிகாரம் ஓடும் என்பதால், முழங்காலிட்டபடியே ஆட்டத்தைத் தொடங்கினார்கள்! ஒரே கதையாக ஓடும் ஐஸ் டான்ஸுக்கு வழி வகுத்ததில் பெரிய பங்கு அவர்களுடையது.

ஒரு ஆட்டம் என்றால் அவர்கள். ஒரு வாழ்நாள் என்றால் வர்ச்சூ–மோயர். 2010-இல் தங்கம், 2014-இல் வெள்ளி, ஓய்வுக்குப் பிறகு திரும்பி வந்து 2018-இல் 206.07 எடுத்துத் தங்கம். பிரான்ஸின் பாபடாக்கிஸ்–சிசெரோன் எடுத்தது 205.28. முக்கால் புள்ளிதான் வித்தியாசம், அதுவும் அடுத்த தலைமுறையின் சிறந்த ஜோடியை எதிர்த்து.

ரஷ்யச் சிறுமிகள் குவாட் எல்லாம் போடுறாங்க. கிம் யுனாவைவிட அவங்க பெரியவங்க இல்லையா?

அலெக்ஸாண்ட்ரா ட்ரூசோவா 2022-இல் ஐந்து குவாட் முயன்றார், வெள்ளி வந்தது. ஜம்ப்பின் கடினத்தில் கிம் அவர் பக்கத்தில் வர முடியாது. ஆனால் அந்தப் பயிற்சி முறையில் வந்தவர்களில் பலர் மிக இளம் வயதில் உச்சம் தொட்டு, சீக்கிரமே விலகினார்கள். 2018-இல் பதினைந்து வயதில் தங்கம் வாங்கிய அலினா சாகிட்டோவா 2019 டிசம்பரிலேயே போட்டியை நிறுத்திக்கொண்டார். பதினைந்து வயது கமிலா வலியேவாவின் ஊக்கமருந்து விவகாரத்தில் நான்காண்டு தடை விதித்து, அவருடைய பெய்ஜிங் முடிவுகளையும் ரத்து செய்தார்கள். அவரைக் குற்றவாளியாகப் பேச எனக்கு மனம் வரவில்லை. சுற்றியிருந்த பெரியவர்கள் பதில் சொல்ல வேண்டிய விஷயம் அது. பிறகு சீனியர் பிரிவுக்கான குறைந்தபட்ச வயதைப் படிப்படியாக 17-க்கு உயர்த்தினார்கள்.

அதே காலத்தில் ஜப்பானின் காவோரி சகாமோட்டோ குவாட் இல்லாமல், டிரிபிள் ஆக்சலும் இல்லாமல், வேகத்தையும் விரிந்த ஜம்ப்பையும் வைத்தே 2022, 2023, 2024 என மூன்று உலகப் பட்டம் தொடர்ந்து வாங்கினார். உக்ரைன் போரால் ரஷ்யர்கள் தடையில் இருந்த காலம் அது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனாலும் இருபது வயதைத் தாண்டிய பெண் இந்த விளையாட்டில் நிலைத்து நின்று வளர முடியும் என்று அவர் காட்டினார்.

சின்ன நாட்டுக்காரங்க யாரும் உங்க பட்டியல்ல இல்லையே?

இருக்கிறார்கள். ஸ்கேட்டிங் பாரம்பரியமே இல்லாத ஸ்பெயினிலிருந்து ஹாவியர் ஃபெர்னாண்டஸ் 2015, 2016 இரண்டிலும் உலகச் சாம்பியன்; இரண்டு முறையும் ஹான்யூவைத் தாண்டித்தான். கஜகஸ்தானின் டெனிஸ் டென் 2014-இல் வெண்கலம் வாங்கித் தன் நாட்டுக்கு இந்த விளையாட்டின் முதல் ஒலிம்பிக் பதக்கத்தைக் கொடுத்தார். 2018 ஜூலையில் அல்மாட்டியில் கார் கண்ணாடியைத் திருட வந்தவர்களால் குத்திக் கொல்லப்பட்டார், 25 வயது. ஒரு நாட்டின் முதல் ஆளாக இருப்பதற்குத் தனி மதிப்புக் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். கிம், இட்டோ இருவரையும் மேலே வைத்ததற்கும் அது ஒரு காரணம்.

இதுவரைக்கும் ஒரு போட்டிகூடப் பார்த்ததில்லை. எதுல ஆரம்பிக்கலாம்?

இட்டோவின் 1989 பாரிஸ் ஃப்ரீ ஸ்கேட். அடுத்து கிம்மின் வான்கூவர் ஷார்ட் புரோகிராம், அதற்கடுத்து ஹான்யூவின் 2015 பார்சிலோனா. முதல் தடவை ஸ்லோ மோஷனில் பார்க்க வேண்டாம். அதில் வேகம் தெரியாமல் போய்விடும். இரண்டாம் தடவை பார்க்கும்போது ஜம்ப்பை விட்டுவிட்டு, இறங்கிய பிறகு அந்தக் கால் எவ்வளவு தூரம் நிற்காமல் ஓடுகிறது என்பதை மட்டும் கவனியுங்கள்.